குகைவாயிலின் சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர் நிறைந்த குகைகளில் நேரும் உயிரிழப்புகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அத்தகைய குகைகள் அனைத்தையும் கம்பிக் கதவிட்டு நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்ற கோரிக்கையோடு முடிந்திருந்தது. பல ஆண்டுகளாகக் குகைகளில் முக்குளித்து வருபவன் என்ற முறையில் கட்டுரையாளரின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் சொல்லும் மருந்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

குகையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கடலில் முக்குளிக்கப் பழகிய துணிச்சலோடு, குகைக்கென்று தனிப் பயிற்சி எதுவும் பெறாமல் உள்ளே போனவர்கள். தலைக்கு மேல் பாறை இருக்கும்போது நினைத்த நேரத்தில் மேலே வந்துவிட முடியாது; கால்துடுப்பை ஒருமுறை தவறாக அசைத்தாலே அடியில் படிந்த வண்டல் கிளம்பி, கையில் இருக்கும் விளக்கின் வெளிச்சம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்போது விரல்களுக்கிடையே ஓடும் மெல்லிய கயிறு ஒன்றுதான் வாயிலுக்கு வழி காட்டும். அந்தக் கயிறு அறுபடாமல் வெளிநீர் வரை, அதாவது தலைக்கு மேல் பாறை இல்லாத இடம் வரை, நீள வேண்டும், கொண்டுபோன காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே போகச் செலவிட வேண்டும், ஆளுக்கு மூன்று விளக்குகள் வேண்டும் என்ற விதிகள் எல்லாம் இறந்தவர்களின் கதைகளை ஆராய்ந்து எழுதப்பட்டவை.

ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் பகுதியில் 1969 முதல் 1974 வரை 11 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் 1973 மே மாதத்தில் நீர் நிறைந்த ஒரே குழியில், ஒரே நாளில் போனவர்கள். அங்குள்ள சுண்ணாம்புக்கல் குழிகளில் பல தனியார் பண்ணைகளிலும் வனத்துறை நிலங்களிலும் இருப்பவை என்பதால், எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது இயல்பே. 1973-ஆம் ஆண்டிலேயே முக்குளிப்பவர்கள் கூடி ஆஸ்திரேலியக் குகை முக்குளிப்போர் சங்கத்தைத் தொடங்கினார்கள். குழிகளை அவற்றின் கடினத்துக்கேற்பத் தரம் பிரித்து, உறுப்பினர்களைச் சோதித்துத் தகுதி வழங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்டிய காலம் போய், நில உரிமையாளர் ஒரே அமைப்போடு பேசினால் போதும் என்ற நிலை வந்தது. முன்பு கண்ட வேகத்தில் அங்கே உயிர்கள் போவது அதன்பின் நின்றது. இன்று அப்பகுதியின் டேங்க் குகை என்னும் நீர்க்குகை இருக்கும் நிலமே அந்தச் சங்கத்துக்குச் சொந்தம்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் காட்டுக்குள் இருக்கும் ஈகிள்ஸ் நெஸ்ட் என்னும் ஆழ்குகை 1999 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்து, மறுபடி திறக்கப்பட்டது. 2013 கிறிஸ்துமஸ் நாளில் குகைப் பயிற்சியே இல்லாத ஒரு தந்தையும் அவருடைய 15 வயது மகனும் அங்கே இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தும் பயனில்லை; பலகை யாரையும் தடுத்து நிறுத்திச் சான்றிதழைக் கேட்பதில்லை அல்லவா? அதே மாநிலத்தில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற தனியார் ஊற்றில் ஓர் எளிய விதி உண்டு. குகைச் சான்றிதழ் இல்லாதவர் அங்கே குகைக்குப் போகும் ஊற்றுக்கண்களில் விளக்கு எடுத்துச் செல்லக் கூடாது. இருட்டில் விளக்கின்றி யாரும் வெகுதூரம் போகமாட்டார்கள் என்ற மனித இயல்பை நம்பி எழுதிய விதி அது. அதோடு நிற்காமல், எல்லோரும் இறங்கும் இன்னொரு ஊற்றில் ஆழத்துக்கு இட்டுச் செல்லும் துவாரத்தையே கம்பிகளால் அடைத்துவிட்டார்கள். ஆகவே பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில், யாருக்கு எதிராக என்பதைப் பார்த்துப் போட வேண்டும் என்கிறேன்.

பூட்டு விழுவதற்கு எங்களைச் சேர்ந்தவர்களே காரணமாவதும் உண்டு. நான் வழக்கமாகச் செல்லும் ஒரு குகை மாட்டுப் பண்ணை ஒன்றின் நடுவே இருக்கிறது. ஒருநாள் மாலை எங்களில் யாரோ வேலிக் கதவைச் சாத்தாமல் போய்விட, இரவில் மாடுகள் சாலைக்கு வந்துவிட்டன. மறுநாளே கதவில் சங்கிலி ஏறியது. அது இறங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பண்ணைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அவருடைய வேலியைச் செப்பனிட்டுக் கொடுத்து, உள்ளே நேரும் எதற்கும் நில உரிமையாளர் பொறுப்பல்ல என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அவர் இறங்கி வந்தார். இப்போது சாவி ஒன்றுதான், அது ஒருவரிடம்தான். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் பதிவேட்டில் குறிக்காமல் யாரும் போவதில்லை. மூழ்கி இறக்கும் அந்நியரைவிட நீதிமன்றப் படியேறுவதற்கே அந்தப் பண்ணைக்காரர் அதிகம் அஞ்சினார் என்பது பேச்சில் தெரிந்தது. அந்த அச்சத்தை நியாயமற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் சிக்கிய 12 சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் தேடிக் கண்டுபிடித்த பிரிட்டிஷ்காரர்களில் ஒருவர் தீயணைப்பு வீரராகப் பணியாற்றியவர், மற்றவர் கணினித் துறையினர். சிறுவர்களை நீருக்குள் வெளியே கொண்டுவர மயக்கமருந்து கொடுத்து அனுப்பிய ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்திரேலிய மருத்துவர். குகை முக்குளிப்பு இவர்களுக்குப் பொழுதுபோக்கு. தங்கள் நாட்டுக் குகைகளில் இறங்க அனுமதி கிடைத்ததால்தான் கைவந்த வித்தை. கட்டுரையாளர் சொல்வதுபோல் அவை யாவும் அடைபட்டிருந்தால் அந்தச் சிறுவர்களை யார் போய் அழைத்து வந்திருப்பார்கள்?

ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய விபத்தைப் பற்றி எழுதும்போது, இறந்தவர் குகைப் பயிற்சி பெற்றவரா, கயிறு வெளிநீர் வரை இருந்ததா, சிலிண்டரில் காற்று எவ்வளவு மிஞ்சியிருந்தது, வாயிலில் சான்றிதழைச் சரிபார்க்க ஆள் இருந்தாரா என்பவற்றையும் விசாரித்து வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்