சென்னையில் அறை எடுக்குமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளித் துணிக்கும் கல்யாணச் சாமானுக்கும் சென்னைக்குக் கிளம்பும் நம் மலேசியத் தமிழர்கள் பயண முகவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு ரூம் எவ்வளவு?" என்பதுதான். மலிவு லாட்ஜா, ஐந்து நட்சத்திர ஹோட்டலா என்பதும் அந்த ஒரு பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. வாடகை பாதிக் கணக்குதான். மீதியைக் கேட்காமல் முன்பணம் கட்டிவிட்டு, நள்ளிரவில் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் வரவேற்பு மேசையில் நின்று வாக்குவாதம் செய்யும் குடும்பங்கள் ஏராளம்.

முதலில் கடப்பிதழ். தமிழ் பேசினாலும் அங்கே நாம் வெளிநாட்டுப் பயணிகள். வெளிநாட்டவர் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அதிகாரிகளுக்கு விடுதி இணையம் வழி அனுப்பியாக வேண்டும். 'சி ஃபாரம்' என்பார்கள். திருவல்லிக்கேணி, பெரியமேடு, எழும்பூர்ச் சந்துகளில் சிறு லாட்ஜுகள் பல இந்த வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கின்றன. செயலியில் பணம் கட்டி முன்பதிவு உறுதியாகியிருந்தாலும், மலேசியக் கடப்பிதழை நீட்டியதும் "ஃபாரினர்ஸுக்கு ரூம் கொடுக்கறதில்ல சார்" என்று கையை விரித்துவிடுவார்கள். ஆகவே பணம் கட்டுமுன் விடுதிக்கே போன் போட்டு, "மலேசியா பாஸ்போர்ட், சி ஃபாரம் போடுவீங்களா?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. சென்னையில் பழைய லாட்ஜுகளும் நடுத்தர விடுதிகளும் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. இரவு 11 மணிக்கு நுழைந்தால் மறுநாள் இரவு 11 மணி வரை ஒரு நாள் வாடகைதான். நட்சத்திர ஹோட்டல்களில் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும், நண்பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். கோலாலம்பூருக்குத் திரும்பும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே புறப்படுகின்றன. நண்பகலில் அறையை விட்டால் அரை நாள் முழுக்கப் பெட்டியோடு அலைய வேண்டும், அல்லது இன்னொரு அரை நாள் வாடகை தர வேண்டும். விடியற்காலை 1 மணிக்குப் போய் இறங்குகிறவர்கள் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்யாவிட்டால் அறை கிடைப்பது நிச்சயமில்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: 24 மணி நேரக் கணக்குள்ள விடுதியே, செயலி வழி வருகிறவர்களுக்கு நண்பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கைப் போடுவதுண்டு. நேரடியாகப் பதிவு செய்வதே மேல்.

வரியைப் பலரும் பார்ப்பதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு (முன்பு 12). அதைத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு வாடகைக்கும் 18. அறை 7,600 என்றால் வரியோடு 8,968 ரூபாய். அதே அறையை நூறு ரூபாய் குறைத்து 7,500க்குத் தரச் சம்மதித்தால் 7,875தான். அறை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால், வாரநாளில் 7,500 என்ற கோட்டுக்குக் கீழே இருந்த அறை சனிக்கிழமை மேலே போய்விடும். அதனால் ஒவ்வோர் இரவின் விலையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய ஹோட்டல்களில் சாப்பாட்டு பில்லுக்கும் 18 விழுக்காடு வரும், வெளியே சாதாரண உணவகத்தில் 5தான். போதாததற்கு, அறைக்குள் நுழையும்போதே அட்டையில் ஒரு பிணைத் தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்தப் பணம் திரும்பிவர நாள்கணக்காகும், கிரெடிட் அட்டையே நல்லது.

துணி, நகை, பாத்திரம் வாங்கப் போகிறவர்களுக்குத் தியாகராய நகரில் லிஃப்ட் உள்ள நடுத்தர விடுதிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு அறை ஒரு கிடங்கு. மதியம் ஒரு நடை வந்து பைகளைப் போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போகலாம். கிண்டியில் சொகுசாகத் தங்கினால் மாலை நெரிசலில் ஒவ்வொரு நடைக்கும் ஆட்டோ பேசியே களைத்துப்போவீர்கள். ஆனால் ரங்கநாதன் தெருவுக்குள் மட்டும் அறை எடுக்காதீர்கள். வாடகைக் கார் வாசல் வரை வராது. சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், சமையலறையோடு கூடிய அறை தேடுவது நல்லது.

சொகுசு ஹோட்டலுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாத இடமும் உண்டு. ஆண்டு இறுதி விடுமுறை அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மலிவு விடுதியில் ஜெனரேட்டர் இருந்தாலும் அது விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான் என்பார்கள், ஏசியும் லிஃப்டும் ஓடாது. முதியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவர்கள் இதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

மலிவு அறையென்றால் பணம் கொடுக்குமுன் ஏறிப் பாருங்கள். சன்னல் திறந்தால் வெளிச்சம் வருகிறதா, பக்கத்துச் சுவர்தானா? கீசர் எந்நேரமும் வேலை செய்யுமா, காலையில் மட்டும்தானா? குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறதா? மெத்தையைத் தூக்கித் தையலோரம் பாருங்கள், மூட்டைப்பூச்சி இருந்தால் கரும்புள்ளிகள் தெரியும். நம் வீட்டுச் சதுரக்கால் பிளக் அங்கே நுழையாது, மாற்றுப் பிளக்கை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

ஐயா, நம் நாளேடுகளில் வரும் சென்னைச் சுற்றுலா விளம்பரங்களில் "3 நட்சத்திரம் அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்றே போடுகிறார்கள். இந்தியச் சுற்றுலா அமைச்சின் நட்சத்திரத் தரம் விடுதிகள் விரும்பி விண்ணப்பித்துப் பெறுவது. செயலிகளிலும் விளம்பரத் தாள்களிலும் உள்ள நட்சத்திரங்கள் அவரவர் போட்டுக்கொண்டவையாகவும் இருக்கலாம். விடுதியின் பெயர், அது இருக்கும் தெரு, அறைக்குள் நுழையும் நேரம், காலி செய்யும் நேரம், வரி சேர்ந்ததா இல்லையா ஆகிய ஐந்தையும் அச்சிடாத விளம்பரங்களைத் தாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் துறை வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்