நாற்சார் வீடுகளுக்கும் மின்சிக்கன விதியில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை பழைய நாற்சார் வீடுகளை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடுகளைத் திருத்துகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசு வருகிறது, ஓடு இறங்குகிறது, பிளாட் என்கிற தட்டைக் கொங்கிறீற் கூரை ஏறுகிறது. நடுமுற்றத்தைக் கண்ணாடித் தகட்டால் மூடி, மர யன்னலைக் கழற்றி அலுமினிய யன்னல் போட்டு, அறைக்கு அறை ஏசியும் பூட்டிவிடுகிறார்கள். ஏசி இல்லாமலே இருக்கக்கூடிய வீடு, ஏசி இல்லாமல் இருக்கவே முடியாத வீடாகிவிடுகிறது. இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

நாற்சார் வீட்டைக் கட்டியவர்கள் எங்கள் வெயிலையும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றையும் அறிந்துதான் கட்டினார்கள். தடித்த சுண்ணக்கல் சுவர் சூடேற நேரம் எடுக்கும். விறாந்தைத் தாழ்வாரம் சுவரில் வெயில் விழவிடாது. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று மேலே போய்விடும், முற்றம் காற்றை உள்ளே இழுக்கும். கொங்கிறீற் பிளாட்டோ பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் அதை அறைக்குள் விடுகிறது.

சட்டத்தில் இந்த வீடுகளுக்குப் பெரிதாக இடமில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபேறான வலு அதிகார சபை, 2008இல் கட்டடங்களுக்கான மின்சிக்கன விதிக்கோவையை வெளியிட்டது. அது முக்கியமாகப் பெரிய வர்த்தகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தொல்பொருள் சட்டத்திடம் போனால், 1815 மார்ச் 2க்கு முந்தியதா என்பதே முதல் கேள்வி. எங்கள் நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. சட்டத்தின் கண்ணில் அவை பெரும்பாலும் வெறும் பழைய வீடுகள்தான்.

லண்டனில் இருக்கும் என் தமையன், அங்கே விதி கடுமை, பழைய வீடென்றாலும் விடமாட்டார்கள் என்பார். முழுக்க அப்படி இல்லை. இங்கிலாந்துக் கட்டட விதிகளில் மின்சிக்கனத்துக்கான 'எல்' பகுதியே, ஈரத்தை உறிஞ்சி உலரவிடும் பழைய கட்டுமானங்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. வீட்டின் தன்மை கெடாமலும் சுவரில் ஈரம் தேங்காமலும் எவ்வளவு முடியுமோ, அவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

அந்த ஈர விடயம் எங்களுக்கு இன்னும் முக்கியம். வட்டுக்கோட்டையில் பெரியப்பா வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு மேலே, பலமாக இருக்கட்டும் என்று சீமெந்து பூசினார்கள். மாரியில் நிலத்து ஈரம் சுவரில் ஏறியது. வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. கூடவே உள்ளே இருந்த பழைய சாந்தும் மாவாய்க் கொட்டியது. விரலால் தொட்டாலே உதிர்ந்தது. நூறு வருடம் நின்ற சுவர் அது. இப்போது சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசனைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.

சரி, பழைய வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தவே முடியாதா? தாராளமாக முடியும். சாதாரண சீலிங் ஃபான் 70, 75 வாட் எடுக்கும். தூரிகையில்லா மோட்டாரில் ஓடும் புது வகை பிஎல்டிசி ஃபானுக்கு 30 வாட் அளவு போதும். ஒரு சின்ன அறை ஏசி ஓடும்போது இழுக்கும் சுமார் 1,000 வாட்டில் அப்படி முப்பது ஃபான் சுற்றும். ஓட்டுக்குக் கீழே காற்றோட இடைவெளி விட்டு, வெப்பம் தடுக்கும் தகடு அடிக்கலாம். ஏசி வேண்டுமென்றால், வயதானவர் படுக்கும் ஒரு அறையை மட்டும் காற்றுப் போகாமல் அடைத்து, அதில் ஏசியைப் பூட்டலாம்.

நான் கேட்பது இரண்டு. விதிக்கோவையை அடுத்த முறை திருத்தும்போது, காற்றோட்டத்தால் குளிரும் பழைய வீடுகளுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்க்க வேண்டும். முற்றமும் ஓடும் சுண்ணாம்புச் சுவரும் மின்சிக்கன அம்சங்களாக அதில் கணக்கில் வரவேண்டும். இரண்டாவது, கிளிநொச்சியில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் சில நாற்சார் வீடுகளிலும், பக்கத்துப் பிளாட் வீடுகளிலும் வெப்பமானி வைத்து, ஒரு வருடம் அளந்து முடிவை வெளியிட வேண்டும். ஓட்டை இறக்கச் சொல்லும் பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் இப்போது ஒரு கடதாசியும் இல்லை. வேண்டுமானால் எங்கள் வீட்டிலேயே வைத்து அளக்கட்டும், திறப்புத் தரத் தயார்.

வாசகர் ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.