சோதனைப் பெட்டிக்கு நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

அழுகிய இறைச்சியில் புழு தானாகவே பிறக்கிறது என்று மனிதர்கள் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடிக்கு மட்டும் அது போதவில்லை. இறைச்சி வைத்த ஜாடிகளில் சிலவற்றைத் திறந்தே விட்டார், சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த ஜாடிகளில் புழு நெளிந்தது. கட்டியவற்றில் இறைச்சிமேல் புழு இல்லை; வாடைக்கு வந்த ஈக்கள் துணியின்மேல் முட்டையிட்டிருந்தன. இதை அவர் 1668இல் வெளியிட்டார்.

இதே ரெடிதான், செடிகளில் வரும் புடைப்புகளுக்குள் இருக்கும் பூச்சிகளை அந்தச் செடியே உண்டாக்குகிறது என்றும் நம்பினார்! அதைப் பிறகு மால்பிகி என்ற இன்னொரு இத்தாலிய மருத்துவர் ஆராய்ந்து திருத்தினார்.

ஆவல் எல்லோருக்கும் உண்டு. "நான் நினைப்பது தப்பென்றால் எனக்கு எப்படித் தெரியவரும்?" என்று அந்த ஆவல் கேட்கத் தொடங்கியபோதுதான் அறிவியல் பிறந்தது என்று எங்கள் குழு கருதுகிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கத்தான் இந்தப் பெட்டி. கேட்கிற பள்ளிக்கும் நூலகத்துக்கும் இலவசமாக அனுப்புவோம்.

உள்ளே, நுண்ணுயிர்களை முதலில் கண்ட டச்சுக்காரர் லேவன்ஹுக் பயன்படுத்தியதைப் போன்ற ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கி இருக்கும். நண்பகல் நிழலை அளக்க ஒரு கோல் இருக்கும். பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டது நிழலை வைத்துத்தான். அதிகச் செலவு வைப்பது கலிலியோவின் சாய்பலகை; சாய்த்து வைத்த பலகையில் வெட்டிய நீளப் பள்ளத்தில் ஓர் உலோகக் குண்டை உருட்டிவிடுவார்கள். இரண்டு மடங்கு நேரத்தில் குண்டு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். நாங்கள் செய்த முதல் பலகையில் அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பள்ளத்துக்குள் கலிலியோ ஏன் வழவழப்பான தோல்தாளை ஒட்டினார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

விடைத்தாள் மட்டும் பெட்டியில் இருக்காது. குழுவிலேயே சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள். ஆனால் விடை கையிலிருந்தால் யார் அளந்து பார்ப்பார்கள்?

எங்கள் உழைப்புக்கு ஊதியம் கிடையாது. மரம், தச்சுக்கூலி, லென்ஸ், செய்முறைக் கையேட்டின் அச்சு, பெட்டி போய்வரும் செலவு ஆகியவற்றுக்கே பணம் தேவைப்படுகிறது. சிறு தொகையானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்; வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பணம் தர இயலாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய பைனாகுலரைத் தூக்கிப் போடாமல் கொடுத்தாலும் போதும். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, லென்ஸில் கீறல் இல்லாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
சோதனைப் பெட்டிக் குழுவினர்