போர்க்கதையைப் போர்க்கதையாகவே படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்கோல் அரசை எதிர்த்து மக்கள் நடத்தும் போரைச் சொல்லும், அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல்களைப் பற்றிப் பேசுவோர் பலரும், நாயகி காட்னிஸ் தன்னை நேசிக்கும் இரு இளைஞர்களில் இறுதியில் பீட்டாவைச் சேர்வாளா, கேலைச் சேர்வாளா என்ற கேள்வியோடு நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2010இல் வெளிவந்த மூன்றாம் நாவலான ‘மாக்கிங்ஜே’யில், எதிரியிடம் சிறைப்பட்ட பீட்டாவின் நினைவுகள் குளவி நஞ்சால் திரிக்கப்பட, தான் உயிராய் நேசித்தவளின் கழுத்தையே அவன் நெரிக்கப் பாய்கிறான், பின்னர் தன் நினைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இது உண்மையா, இல்லையா?’ என்று அவளிடமும் தோழர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் மெல்ல மீள்கிறான். கேலோ, முதல் குண்டில் அடிபட்டவர்களைக் காப்பாற்ற ஓடிவருவோரை அடுத்த குண்டால் கொல்லும் பொறியைத் தன் தரப்பின் வெற்றிக்காக வகுக்கிறான். அத்தகைய குண்டுவீச்சில்தான், காயமுற்ற குழந்தைகளுக்கு உதவச் சென்ற காட்னிஸின் தங்கை பிரிம் இறக்கிறாள். தன் பக்கத்துக்கு விசுவாசமாக இருப்பவர் எதுவரை செல்லலாம் என்று இவ்வளவு கூர்மையாகப் பதின்பருவத்தினரிடம் கேட்கும் நாவல்கள் மிகச் சிலவே. காலின்ஸின் தந்தை வியட்நாம் போரில் பணியாற்றியவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. இந்நாவலை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் ஆசிரியர்களும் நூலகர்களும், கேலின் அந்தப் பொறியைப் பற்றி அவர்களோடு ஒரு வகுப்பு நேரமாவது பேச வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்