லோத்தலுக்கு வந்தவர்களுக்கும், வராமலே தோள் கொடுத்தவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். மழை வந்துவிட்டது, பள்ளிகளும் திறந்துவிட்டன. ஆகவே சிந்துவெளிக் கால ஊரான லோத்தலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் எங்கள் பயணங்களை இந்தப் பருவத்துக்கு இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மறுபடி தொடங்குவது தீபாவளிக்குப் பிறகுதான். ஆளாளுக்கு போன் போட்டு நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் உதவிய உங்களுக்குள்ளேயே யார் என்ன செய்தார் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. விடிகாலையில் சோறு வடித்துக் கொடுத்தவர்களுக்குக் கம்பாத்திலிருந்து வந்த, பாசிமணி செய்யும் மணிக்காரரைத் தெரியாது. பணம் அனுப்பியவர்களுக்கு பஸ் ஓட்டியவரைத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

எங்களைப் புதிதாக அறிபவர்களுக்கு ஒரு வார்த்தை. அகமதாபாத்தில் மணிநகர், கோக்ரா பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் சிலரும், எங்களோடு சேர்ந்துகொண்ட குஜராத்தி நண்பர்களும்தான் இந்தக் குழு. பதிவு செய்த சங்கம் கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. சிந்துவெளி நாகரிகம் கண்டறியப்பட்ட செய்தியை அன்றைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பர் 20-இல். அதன் நூற்றாண்டு 2024-இல் வந்தபோது, நம் வீட்டிலிருந்து 80 கிலோமீட்டரில் லோத்தல் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கோ அது ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும்தான் தெரியும் என்ற பேச்சு எழுந்தது. மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் பிரிவினையில் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அப்புறம் இந்தப் பக்கத்தில் தேடித் தேடிக் கண்ட ஊர்களில் முக்கியமானது லோத்தல். எஸ்.ஆர். ராவ் தலைமையில் 1955 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பதா? சரி, கூட்டிக்கொண்டு போவோம் என்று ஆரம்பித்தோம். அவ்வளவுதான் எங்கள் வரலாறு.

முதல் நன்றி பஸ் ஓட்டிய பாய்க்கு. டீசல் காசுக்கு மேல் அவர் வாங்கவில்லை என்பது ஒரு பக்கம். முதல் தடவை பிள்ளைகளை இறக்கிவிட்டு நிழலில் படுத்துத் தூங்கியவர், அடுத்த தடவை வண்டியைப் பூட்டிவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தார். போகப்போக, வண்டி ஊருக்குள் திரும்பும்போதே பிள்ளைகளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். "இங்கே கடல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்?" கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். கம்பாத் வளைகுடா இன்று பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. சபர்மதி ஒரு காலத்தில் லோத்தலை ஒட்டி ஓடியது என்று காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2024-இல் காட்டியிருக்கிறார்கள். அதையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்களைவிடச் சுருக்கமாகச் சொல்கிறார்.

லோத்தலில் சுட்ட செங்கல் பதித்த அந்தப் பெரிய தொட்டி, கிட்டத்தட்ட 218 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். ராவ் அதைக் கப்பல்துறை என்றார். வெறும் நீர்த்தேக்கம் என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டு கருத்தையும் சொல்லிவிட்டு, பிள்ளைகளையே வாதாட விடுவது எங்கள் வழக்கம். அங்கே எங்களுக்குப் பெரிய துணையாக வந்தவர் மணிநகரின் ஓய்வுபெற்ற கொத்தனார் ஐயா. அறுபது வருஷத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து வந்தவர். 'செங்கல் அளவு 1:2:4 என்ற விகிதம்' என்று எங்கள் பலகையில் எழுதி வைத்திருந்தோம். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஐயா கையோடு கொண்டுவந்திருந்த செங்கற்களைத் தரையில் வைத்தார். இரண்டு கல்லை அகலவாக்கில் சேர்த்து வைத்தால் ஒரு கல்லின் நீளம். இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒரு கல்லின் அகலம். "எப்படித் திருப்பி வெச்சாலும் சேரும். இணைப்புக்கு மேல இணைப்பு வராம கட்டலாம். வந்துச்சுன்னா சுவர் பிளக்கும்" என்றார். அப்புறம் மேட்டுப்பகுதியில் வரிசையாக இருக்கும் குளியல் தளங்களுக்குக் கூட்டிப்போய், தண்ணீர் சாக்கடைக்குப் போகும் வாட்டத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். "இன்னைக்கு நம்ம வீட்ல குளியலறைத் தண்ணி தேங்கி நிக்குது" என்று அவர் முணுமுணுத்தது எந்தக் கட்டடக்காரரைப் பற்றி என்று நாங்கள் கேட்கவில்லை.

கம்பாத்திலிருந்து வந்த மணிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லோத்தலில் மணி செய்யும் பட்டறை ஒன்று அகழாய்வில் கிடைத்தது. அதே தொழில் இன்றும் கம்பாத்தில் நடக்கிறது, நலிந்துதான் என்றாலும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சாக்குப் பை நிறையக் கல்லோடு வந்து சேர்ந்தார் அவர். சாம்பல் நிறத்தில் ஒன்றும் ரத்தச் சிவப்பில் ஒன்றுமாக இரண்டு கற்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இரண்டும் ஒரே கல்தான் என்றார். யாரும் நம்பவில்லை. பரூச் பக்கத்து ரத்தன்பூரில் தோண்டி எடுக்கிற கல் அது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, சட்டியில் போட்டு, மெதுவான தணலில் சுட்டால் கல்லுக்குள் இருக்கும் இரும்பு சிவந்துகொள்ளும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கல் வெடித்துவிடும். அதுதான் சூதுபவளம்.

பிறகு ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் சாய்வாக ஊன்றினார். அதன் முனையில் கல்லை அணைத்துப் பிடித்து, எருமைக் கொம்பில் செய்த சின்னச் சுத்தியலால் தட்டினார். அடி விழுந்தது ஒரு பக்கம், சில்லு தெறித்தது கம்பி தொட்டுக்கொண்டிருந்த மறுபக்கம். ஒரு பையன் முயன்று பார்த்து, கல்லை இரண்டாக உடைத்துவிட்டு முழித்தான். மணிக்காரர் சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு கல் கொடுத்தார். துளை போடுவதுதான் கடினம். அந்தக் காலத்துத் துளைக்கல்லைக் கொண்டு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கியதாம். 10 சென்டிமீட்டர் நீள மணி என்றால் துளைக்கு மட்டும் 40 மணி நேரம். அப்படிப்பட்ட நீண்ட மணிகள் மெசபடோமியாவின் 'ஊர்' (Ur) என்ற நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. கூடவே ஒன்று: கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல் குஜராத் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர்கள் கருத்து. அது லோத்தலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய காலம் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அருங்காட்சியக ஊழியர்களுக்கும் நன்றி. எங்கள் கூட்டம் போடும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதற்கே தனியாகச் சொல்ல வேண்டும். கிடங்கு எரிந்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துத்தான் சொல்வோம். சரக்கு மூட்டையின் கயிற்று முடிச்சில் ஈரக் களிமண்ணை அப்பி, முத்திரையை அழுத்துவார்கள். மூட்டையைப் பிரித்ததும் அந்தக் களிமண் குப்பைக்குப் போகும். லோத்தல் கிடங்கில் தீப்பிடித்ததால் அந்தக் களிமண் சுட்டுக் கெட்டியாகி, முத்திரைப் பதிவுகள் 65 மிஞ்சின. அவற்றின் பின்பக்கத்தில் பாயும் துணியும் கயிறும் பதிந்த தடம் இன்னும் தெரிகிறது.

முத்திரை என்றதும் பேனர் கதை. நாங்கள் அச்சுக்குக் கொடுத்த முத்திரைப் படங்களில் பாதியை, அச்சடித்தவர்கள் பக்கம் அழகாக அமைய வேண்டும் என்று இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். எந்தக் கடை என்பது வேண்டாம். மறுநாள் காலை கண்காட்சி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். முத்திரையில் இருக்கும் ஒற்றைக் கொம்பு விலங்கைக் காட்டி, "பதிவுல ஒற்றைக் கொம்பன் பெரும்பாலும் வலப்பக்கம் பார்த்துத்தானே நிற்கும், எழுத்தும் அந்த முகத்துப் பக்கத்திலேர்ந்துதானே தொடங்கும்?" என்றார். இரவோடு இரவாகச் சரியான படங்களை எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுத்தவரும் அவரே. டீச்சர், உங்கள் பசை டப்பாவுக்கும் கத்தரிக்கும் சேர்த்து நன்றி.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த நாள் எது என்றால், கோலப்பொடி நாள்தான். கட்ச் பக்கத்துச் சிந்துவெளி நகரமான தோலாவிராவின் வடக்கு வாயிலில் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் குழுவினர் கண்டெடுத்த பெயர்ப்பலகையைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரப்பலகையில் வெள்ளை ஜிப்சம் துண்டுகளால் பதித்த 10 குறிகள். மரம் மக்கிவிட்டது, வெள்ளைத் துண்டுகள் விழுந்த வரிசையிலேயே கிடந்தன. ஒவ்வொரு குறியும் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் உயரம். புத்தகத்தில் விரல் நீளத்துக்குப் பார்த்தால் இதன் பெருமை புரியாது. அதை உண்மை அளவில் காட்ட ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெரு அக்கா ஒருவர், "எதுக்குக் காசு? நான் போடறேன்" என்றார். பள்ளி மைதானத்தில் ஒரு முழக்கயிறும் கோலப்பொடியுமாக உட்கார்ந்து, 10 குறிகளையும் போட்டு முடித்தார். ஆரக்கால் வைத்த சக்கரக் குறி மட்டும் அதில் 4 முறை வரும். நான்கையும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாக இழுத்தார். பிள்ளைகள் மாடிக்கு ஓடிப்போய் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்தும் பளிச்சென்று தெரிந்தது. வாயிலுக்கு மேல் மாட்டியிருந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து படித்திருப்பார்கள் என்ற பேச்சு அன்று மாலை வரை ஓடியது.

பணம் கொடுத்தவர்களுக்கு வருகிறேன். சிந்துவெளி என்றதும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: அவர்கள் யார், என்ன மொழி பேசினார்கள்? எங்கள் மொழிதான், எங்கள் முன்னோர்தான் என்று பலகையில் எழுதச் சொல்லி இரண்டு தரப்பிலிருந்தும் வற்புறுத்தல் வந்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்த பிறகு, தாங்கள் படித்தேவிட்டதாகச் சொல்லி போன் செய்தவர்கள் வேறு. அவர்கள் பேசியது திராவிட மொழி என்ற கருதுகோளுக்கு வலுவான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அதைச் சொல்வோம். ஆனால் எல்லோரும் ஏற்கும்படி அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை என்பதையும் சொல்வோம் என்று பதில் தந்தோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டும் பணம் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்குத்தான் இந்தப் பத்தியின் நன்றி முழுவதும். கருத்தில் இன்னும் மோதிக்கொள்வோம், வாருங்கள்.

இந்த விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டி, நேரில் நன்றி சொல்ல முடியாத ஒருவர். ஐராவதம் மகாதேவன் 2018 நவம்பரில் மறைந்துவிட்டார். சிந்து எழுத்துகளின் தொகுப்பு நூலை அவர் 1977-இல் கொண்டுவந்தார், 417 குறிகளை வகைப்படுத்தி. திராவிடம் என்ற தம் கருத்தில் உறுதியாக நின்றவர். ஆனால் அந்தத் தொகுப்பை எந்தக் கருத்துக்காரரும் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்து வைத்தார். எங்கள் குழுவில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. இரவல் கொடுத்த பேராசிரியர் அதை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி, கேட்காமல் இருப்பதற்காகவே.

சாப்பாட்டுக்கு வருவோம். விடிகாலை நாலு மணிக்கே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்த அக்காக்களுக்கும், நாள் முழுக்கக் கெடாத தேப்லா ரொட்டி செய்து அனுப்பிய 'பென்'களுக்கும் (குஜராத்தி அக்காக்களுக்கும்), லோத்தலை ஒட்டிய சர்கவாலா ஊரில் குடம் குடமாக மோர் கொடுத்த வீட்டாருக்கும் பிள்ளைகள் சார்பாக நன்றி. தன் அப்பா அகழாய்வில் கூடை சுமந்ததைச் சொல்லி, அவர் தினமும் எந்த மேட்டில் ஏறி இறங்குவார் என்று கைகாட்டிய சர்கவாலாப் பாட்டிக்கு எங்கள் வணக்கம். தன்னார்வலர்களுக்குத் தனியாகச் சொல்ல மாட்டேன். சொன்னால் திட்டுவார்கள்.

தீபாவளிக்குப் பிறகு, பெரிய பிள்ளைகளைத் தோலாவிராவுக்கே கூட்டிப்போக எண்ணம். மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளின் மழைத் தண்ணீரை மடக்கித் தேக்கி வாழ்ந்த ஊர் அது. கட்ச் ரண் என்ற உப்புவெளி நடுவே காதிர் தீவில் இருப்பதால் இரவு தங்கித்தான் திரும்ப முடியும். தங்குமிடமும் இன்னொரு ஓட்டுநரும் தேவை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழுவினர் அனைவருக்காகவும்,
மணிநகர், அகமதாபாத்.

பி.கு.: எவர்சில்வர் தூக்குகள் இரண்டும் ஒரு பெரிய கரண்டியும் எங்களிடமே தங்கிவிட்டன. கரண்டியில் 'ச' என்று எழுத்து வெட்டியிருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.