நானோ துகளும் பாக்டீரியாவும்

ஆசிரியருக்கு,

உலோக ஆக்சைடு நானோ துகள்கள் பாக்டீரியாவைக் 'குத்திக் கிழித்துக் கொல்லும்' என்று தங்கள் நாளிதழ்க் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குக் குறையாகப் பட்டது. நடப்பது அதைவிடச் சுவையானது.

ஒரு பாக்டீரியா ஏறத்தாழ 1,000 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம். இந்தத் துகள்களோ 100-க்கும் குறைவு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு வெளிப்பரப்பு பெருகும். வேதிவினை நடப்பது அந்தப் பரப்பில்தான். டைட்டானியம் டையாக்சைடை எடுத்துக்கொள்வோம். புற ஊதா ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. அருகிலுள்ள நீரிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் ஹைட்ராக்சில் போன்ற மூர்க்கமான மூலக்கூறுகள் பிறந்து, பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என எதையும் விட்டுவைப்பதில்லை. ஒளி பட்ட டைட்டானியம் டையாக்சைடு நுண்ணுயிரிகளைக் கொல்லும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1985-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் இருட்டில் இந்த வேலை பெரும்பாலும் நின்றுவிடும். அதையும் சொல்லியிருக்கலாம். துத்தநாக ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் இன்னொரு வழியும் வைத்திருக்கின்றன: மெல்லக் கரைந்து, அயனிகளாக (மின்னேற்றம் கொண்ட அணுக்களாக) பாக்டீரியாவின் உள்ளே புகுந்து நொதிகளைக் கெடுக்கின்றன.

அப்புறம், இத்துகள்கள் பல வழிகளில் தாக்குவதால் பாக்டீரியாவுக்கு எதிர்ப்புத்திறனே வராது என்ற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. துத்தநாகத்தையும் செம்பையும் வெளியே தள்ளும் பம்புகள் பல பாக்டீரியாக்களிடம் ஏற்கெனவே உண்டு. இத்துகள்கள் நீர்நிலையில் கலந்தால் பாசிகளும் பாதிக்கப்படும். துணியிலும் பெயின்டிலும் இவற்றைச் சேர்ப்பவர்கள் எவ்வளவு சேர்த்தோம், துவைத்தால் எவ்வளவு வெளியேறும் என்று லேபிளில் அச்சிட வேண்டும். இதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்