டிக்கட் கொடுக்காத பஸ்ஸுக்குத்தான் கேள்வி, பயணிக்கு அல்ல: மத்திய மாகாண ஆளுநருக்கு ஒரு கோரிக்கை மனு

2025 ஒக்டோபர் 27

கௌரவ ஆளுநர் அவர்கள்,
மத்திய மாகாணம்,
கண்டி.

கௌரவ ஐயா,

விடயம்: நுவரெலியா மாவட்டத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களில் டிக்கட் கொடுக்கப்படாமை

நான் அக்கரபத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதிப் பழகிய கை. எதற்கும் ஒரு துண்டுச் சீட்டு இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. வீட்டில் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். லயத்து ஆட்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். இந்த முறை அவர்களுக்காகவும் எனக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடந்த செப்டெம்பர் 16ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. மனைவிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக். லிந்துலையில் ஏறி, இரண்டு பேர், நுவரெலியா என்று சொல்லி ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்தேன். கொண்டக்டர் தம்பி அதை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, "மிச்சம் பெறகு தாரேன் ஐயா" என்றார். டிக்கட் கேட்டேன். "ரோல் முடிஞ்சிருச்சு" என்றார். மெஷின் அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு உறைக்குள், ஜிப்பைக் கூடத் திறக்காமல்.

நானுஓயாவுக்கு ஏறும் வளைவொன்றில் பஸ் நின்றுவிட்டது. கிளச் கருகிய நாற்றம். டிரைவரும் கொண்டக்டரும் மெக்கானிக்கைத் தேடிக் கீழே இறங்கிப் போனார்கள். என் ஆயிரம் ரூபாவும் அவர்களோடு போனது. பனிக்குள் நாற்பது நிமிடம் நின்ற பிறகு பின்னால் வேறொரு பஸ் வந்தது. "டிக்கட் இருக்கிறவங்க காசு குடுக்க வேணாம், ஏறுங்க" என்றார் அந்த பஸ்ஸின் கொண்டக்டர். டவுனில் ஏறியிருந்த நாலைந்து பேரிடம் டிக்கட் இருந்தது, அவர்கள் ஏறிக்கொண்டார்கள். எங்களைப் போல் இடையில் ஏறிய பதினைந்து பேருக்கு மேல் கையில் ஒன்றுமில்லை. மனைவி கைப்பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கொடுக்க, மறுபடியும் காசு கட்டித்தான் நுவரெலியா போய்ச் சேர்ந்தோம். கிளினிக் நம்பர் தாண்டிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல், நர்ஸ் மிஸ்ஸிடம் கெஞ்சித்தான் மருந்து எடுத்தோம்.

பிறகு முறைப்பாடு சொல்லப் போனேன். பஸ் நம்பர் குறித்து வைத்திருந்தேன், நேரம் குறித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உத்தியோகத்தர் கடைசியில் கேட்டார்: "டிக்கட் இருக்கா? இல்லாட்டி நீங்க அந்த பஸ்ஸிலதான் போனீங்கன்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?"

ஐயா, அந்தக் கேள்வி காரணமாகத்தான் இந்த மனுவே. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு அநியாயம் இருக்கிறது. டிக்கட் கொடுக்காதது பஸ். டிக்கட் இல்லாததால் நட்டப்படுவது நான். குற்றம் செய்தவருக்கே அந்தக் குற்றம் பாதுகாப்பாகிவிடுகிறது. டிக்கட் கொடுக்காமல் விட்டால் கூடுதலாக வாங்கிய காசுக்குச் சாட்சியில்லை, கொடுக்காத மிச்சத்துக்குச் சாட்சியில்லை, பாதியில் இறக்கிவிட்டதற்கும் சாட்சியில்லை. இவ்வளவு வசதி இருக்கும்போது மெஷினை ஏன் உறையை விட்டு எடுக்க வேண்டும்?

டவுனில் ஒரு கடையில் அரிசி வாங்கினால், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. மலையில், மழையில், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் ரோட்டில் ஐம்பது அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒரு துண்டுக் கடதாசியும் தராமல் போகலாமா?

என் மகள் 2019இல் கட்டாருக்கு வேலைக்குப் போனாள். அன்று ஏயார்போர்ட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. டிக்கட்டில் அவள் பெயர், பதின்மூன்று இலக்க நம்பர், எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்ற கணக்கு. சூட்கேஸில் ஒரு பட்டி கட்டினார்கள். அதே நம்பருள்ள சின்னத் துண்டை அவள் கையில் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து ஒரு ஆள் லீக்ஸ் மூட்டையை பஸ்ஸில் ஏற்றினால் கொண்டக்டர் வாயால் ஒரு தொகை சொல்வார். நேற்று ஒன்று, இன்று ஒன்று. மூட்டைக்குக் காசு போகும், சீட்டு வராது.

சட்டம் படிக்கும் என் மருமகன் ஒருவன் இருக்கிறான், தங்கை மகன். இந்தக் கதையை அவனிடம் சொன்னபோது விமானப் பயணச் சட்டத்திலிருந்து ஒரு விடயத்தை எடுத்துக் காட்டினான். 1999ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயம் என்று ஒன்று இருக்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. பயண ஆவணம் முறைப்படி கொடுக்கப்படாவிட்டாலும் பயண ஒப்பந்தம் இல்லாமல் போகாது, அது செல்லும் என்று அதன் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1929ஆம் ஆண்டு வார்சோ சமவாயம் இன்னும் கடுமை: டிக்கட் கொடுக்காமல் ஒரு பயணியை ஏற்றிக்கொண்ட விமான நிறுவனம், நட்டஈட்டுக்குச் சட்டம் வைத்த உச்ச வரம்பைக் காட்டித் தப்ப முடியாது. விமானத்தில் போகிறவருக்குத் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே டிக்கட் கொடுக்காத பிழையை நிறுவனத்தின் தலையில் வைத்தார்கள். லிந்துலையில் பஸ் ஏறுகிறவருக்கு அதே பிழை இன்னும் பயணியின் தலையில் கிடக்கிறது. பஸ்ஸையும் பிளேனையும் ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். நியாயம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. இந்த வருடம் மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல, வெல்லவாய ரோட்டில் இன்னொன்று. இவற்றுக்கும் டிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ் ஏறும்போதெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஏதாவது நடந்தால், நான் இந்த பஸ்ஸில் இருந்தேன் என்று சொல்ல அடையாள அட்டையைத் தவிர என்ன இருக்கிறது? இன்ஷுரன்ஸ்காரர் வந்தால் என் பிள்ளைகள் எதைக் காட்டுவார்கள்?

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்ச பஸ் கட்டணம் 2024 ஜூலையில் 30 ரூபாவிலிருந்து 28 ஆனது, ஒக்டோபரில் 27 ஆனது. பத்திரிகையில் வந்தது, சந்தோஷம். எங்கள் பக்கத்தில் 30 ரூபா கொடுத்து 3 ரூபா மிச்சம் வாங்கிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. டிக்கட் அடித்தால் 27 என்று விழும், அதனால் அடிப்பதில்லை. மூன்று ரூபாவுக்கு ஒரு மனுவா என்று கேட்காதீர்கள். டவுனில் துணிக்கடையில் நிற்கும் எங்கள் லயத்துப் பிள்ளைக்குப் போக வர நாளைக்கு ஆறு ரூபா, இருபத்தைந்து நாளைக்கு 150 ரூபா. அவள் அம்மா கொழுந்து எடுத்து இந்த 2025இல் நாளொன்றுக்கு 1,350 ரூபா வாங்குகிறவர். அதுவும் நிறை சரியாக வந்தால்.

கொண்டக்டர் தம்பிமார் எல்லோரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். என்னிடம் செக்ரோலில் கைநாட்டு வைத்தவர்களின் பேரன்மார். முதலாளிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு மிஞ்சியதைத்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒருவன் என்னிடமே சொன்னான். மெஷின் ஓடினால் கணக்கு வெளியே வரும். ஆகவே இது கொண்டக்டரைத் திட்டித் தீர்க்கிற விடயமல்ல. வழித்தட அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைக் கேட்க வேண்டிய விடயம்.

உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், மாகாணத்துக்குள் ஓடும் பஸ் சேவையை ஒழுங்குபடுத்துவது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் மாகாணத்துக்கு வந்த பொறுப்பு. மாகாணம் தாண்டி ஓடும் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கிறது, 1955 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. எங்கள் பஸ் கண்டியைக்கூடப் பார்க்காத பஸ். போய்ச் சொல்வதற்கு மாகாண சபை உறுப்பினரும் இல்லை. 2018இல் சபையின் காலம் முடிந்ததுதான். நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

மேல் மாகாணத்தில் இம்மாதம் 1ஆம் திகதியிலிருந்து பஸ்ஸில் டிக்கட் கட்டாயம் என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கும் அதைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். ஆனால் அங்கே டிக்கட் இல்லாத பயணிக்கும் தண்டம் என்று சொல்லப்பட்டிருப்பதை இங்கே அப்படியே பிரதி பண்ண வேண்டாம். கேட்டும் கொடுக்காத இடத்தில் பயணியைப் பிடித்துத் தண்டம் அடித்தால், ஆயிரம் ரூபாவைப் பறிகொடுத்த நான் அதற்கு மேலும் கட்ட வேண்டி வரும். முதலில் அனுமதிப்பத்திர நிபந்தனையில் டிக்கட் வழங்குவதைச் சேருங்கள். டிக்கட் கொடுக்கப்படாத பயணத்தைப் பற்றி முறைப்பாடு வந்தால், பயணி பஸ் நம்பரையும் நேரத்தையும் இடத்தையும் சொன்னாலே அதை ஏற்று விசாரிக்க வேண்டும்; அந்த ஆள் தன் பஸ்ஸில் வரவில்லை என்று நிரூபிப்பது அனுமதிப்பத்திரக்காரரின் வேலையாக இருக்கட்டும். மெஷின் ஓடியிருந்தால் அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. செக்கர்மார் ஏறும்போது முதலில் கொண்டக்டரின் மெஷினைப் பார்க்க வேண்டும், பயணியின் கையைப் பிறகு பார்க்கலாம். பஸ் பாதியில் பழுதானால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடும் பொறுப்பும், முடியாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் முதல் பஸ்ஸினுடையது என்பதை டிக்கட்டின் பின்புறத்திலேயே அச்சடிக்கலாம். கட்டண அட்டவணையைச் சாரதியின் தலைக்கு மேல் அல்ல, பயணி வாசிக்கக்கூடிய இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அன்று எனக்குச் சரியான கட்டணம் எவ்வளவு என்று இந்த மனுவில் நான் எழுதாததற்குக் காரணம், அந்த பஸ்ஸில் அட்டவணையே இருக்கவில்லை.

டிக்கட் தமிழிலும் இருக்க வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் எனக்கு டிக்கட் கிடைத்தது, ஏறிய இடமும் இறங்கிய இடமும் சிங்களத்தில் மட்டும். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும்; மனைவிக்கு வராது. நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக 1999இல் பிரகடனம் செய்யப்பட்டவை. தனியார் பஸ் அரச அலுவலகம் அல்லதான், ஆனால் அனுமதி கொடுப்பது அரச அலுவலகம்.

அந்த ஆயிரம் ரூபாவின் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. தந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

இந்த மனுவுக்கான பதிலை அரசியலமைப்பு தரும் உரிமைப்படி தமிழில் அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வு பெற்ற தோட்டக் கிளார்க், அக்கரபத்தனை

பிரதி: தலைவர், மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை
மாவட்டச் செயலாளர், நுவரெலியா

இணைப்புகள்: மனைவியின் கிளினிக் கொப்பியில் 2025.09.16 திகதியிட்ட பக்கத்தின் பிரதி. இரண்டாவது பஸ்ஸின் டிக்கட்டின் போட்டோ பிரதி (மூலச் சீட்டில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது, அதைப் பார்த்தால் நாங்கள் நானுஓயா வளைவில் வானத்திலிருந்து இறங்கி பஸ் ஏறியவர்கள் போலத் தெரியும்). முதல் பஸ்ஸின் நம்பர், தனி உறையில். அன்று டிக்கட் இல்லாமல் நின்றவர்களில் பதினொரு பேரின் கையொப்பமும் கைநாட்டும்.